நீ கேட்ட வில்

மகளே,

என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துவிடாதே.

அந்த இரண்டு மூங்கில் வில்லாலும் இன்று பசுமலைக்குப் பின்னால் உள்ள பொட்டலில் எய்து பார்த்தேன். இரண்டையும் செய்தவன் நான்தான். ஆனால் ஒருநாளும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. விறைப்பான வில்லின் அம்புதான் தூரம் போகும் என்று நம்பினேன்.

தூரமாக அம்பெய்யும் போட்டியன்று நீ, "தோள் வலிக்குதுப்பா, அந்த லேசான வில்லக் குடுங்க" என்றாய். "இதுதான் தாயி அம்புட்டுத் தூரம் போகும்" என்று விறைப்பானதை உன் கையில் திணித்தேன்.

அதை இழுத்தபோது தோள் பிசகிய அந்தக் கை இன்னும் மேலே எழவில்லையாமே. மாப்பிள்ளைதான் உனக்குத் தலை பின்னிவிடுகிறார் என்று அம்மா சொன்னாள்.

வில்லுக்குப் பத்து அம்பாக எய்தேன். பத்து முறையும் நீ கேட்ட வில்லின் அம்புதான் முன்னே கிடந்தது. அம்புகளைப் பொறுக்கியெடுக்க மனமில்லாமல் அங்கேயே விட்டு வந்துவிட்டேன்.

உன் பேச்சைக் கேட்காத
அப்பா