தேவராஜுக்காக நான் ஏறெடுத்த ஜெபம்

நவம்பர் 9, ஞாயிறு
காலையில் தூறல். ஆராதனை முடிகையில் கொட்டு மழை.

இன்று சபையில் விண்ணப்ப நேரத்தில் எழுந்து, மைக்கை வாங்கி, தேவராஜைத் திருடன் என்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லாமல் சொல்ல எங்கள் சபைகளில் ஒரு வழி உண்டு. "நம்ம மத்தியில ஒரு சகோதரன். உப்பு தின்ன இடத்துலயே கை வைக்கிற ஆவி அவரைப் பிடிச்சிருக்கு. வேன் ஓட்டினவரை ஆண்டவர் வேனுக்குச் சொந்தக்காரர் ஆக்கினார். அவர் விடுதலைக்காக ஜெபிப்போம்." கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன். குரல்கூடத் தழுதழுத்தது.

முதல் வரிக்கு தேவராஜும் ஆமென் போட்டார். யாரைச் சொல்கிறேன் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. வேன் என்றதும் ஷீட் கூரைக்குக் கீழே இருந்த எல்லாத் தலையும் மூன்றாம் வரிசைக்குத் திரும்பின. எங்கள் சபையில் வேன் ஓட்டி வேன் வாங்கியவர் அவர் ஒருவர்தான். எழுந்தார். மனைவியையும் மகள் ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு மழையில் போய்விட்டார். செருப்புக் குவியலில் அந்தப் பெண் தன் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றதுதான் கொஞ்சம் நேரம் எடுத்தது.

வருத்தமா? இல்லை. ஆறு வருடம் என் வேனை ஓட்டியவர். கம்பெனிகளுக்கு நான் போடும் கையுறை, துடைக்கிற பனியன் வேஸ்ட், எல்லா ரேட்டும் அவருக்கு மனப்பாடம். இரண்டு வருடத்துக்கு முன் விலகி அதே தொழில். போன மாதம் வல்லம் வடகால் கம்பெனி, பத்து வருடமாக என்னிடம் வாங்கியது, என்னை நிறுத்திவிட்டு அவருக்குக் கொடுத்துவிட்டது. வேறு எப்படி நடந்திருக்கும்?

இனி தே. என்றே எழுதுகிறேன். முழுப் பெயர் எழுத மனமில்லை.

காரில் பக்கத்தில் என் மனைவி கிரேஸ். ஒரகடம் பாலம் தாண்டியதும்: "உங்களுக்கு ஒரு ஆள வையணும்னா ஜெபம் வேண்டிக்கிடக்கு. எங்க அப்பா கெட்ட வார்த்தையில வைவாரு. அது இதவிட நேர்மையா இருக்கும்."

பெண்டாட்டி இன்னமும் திருநெல்வேலிக்காரிதான். மத்தியானம் மீன் குழம்பு. உப்பு அதிகம். கேட்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்
மழை. குடோனில் மேற்கு மூலை ஒழுகல். தார்ப்பாய் வாங்க வேண்டும். பல் வலி, இடது கீழ்.

சபை வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் வாராவாரம் ஜெபக்குறிப்புகளை வரிசையாகத் தட்டிப் போடுவார். இன்று:

3. சகோதரி எஸ்தர், முழங்கால் வலி.
4. தொழில் செய்யும் சகோ. தே. (வேன்), திருட்டு ஆவியிலிருந்து விடுதலை.
5. தண்ணீர்க் குழாய் இணைப்பு.

திருட்டு என்பது நான் சொல்லாத வார்த்தை. ஆனால் அந்த மனுஷன் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. கீழே நாற்பது கும்பிடு கை. நானும் ஒன்று போட்டேன்.

சாயங்காலம் கிரேஸ் போனோடு வந்து நின்றாள். ஸ்டெல்லாவுக்கு இந்த மாதக் கடைசியில் நிச்சயம். மாப்பிள்ளை சுங்குவார்சத்திரம், வேறு சபை. மாப்பிள்ளையின் அத்தை எங்கள் சபை, எங்கள் குழு. நாலாம் குறிப்பு நேராக அங்கே போய்விட்டது. "பொண்ணோட அப்பா திருடனாமே"ன்னு மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்களாம்.

"அந்தப் பிள்ளைக்கு நிச்சயம்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். மைக்கைப் பிடித்தபோது ஞாபகம் வரவில்லை என்றேன். வந்ததா இல்லையா என்று எனக்கே நிச்சயமில்லை. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

பாஸ்டர் அழைத்தார். சுற்றிச் சுற்றிப் பேசினார். "நீங்க எது செஞ்சாலும் ஜெபத்தோடதான் செய்வீங்க அண்ணாச்சி..." சபைக் கூரை ஷீட் நான் போட்டுக் கொடுத்தது. அந்த ஷீட்டைப் பார்த்துக்கொண்டே பேசியிருப்பார். எரிச்சலாக வந்தது. கண்டிக்கிறதானால் கண்டியும் ஐயா.

நவம்பர் 11, செவ்வாய்
மழை இல்லை. ஈக்கள்.

வல்லம் வடகால் கம்பெனிக்குப் போனேன். புது மாதிரி கையுறை மூன்று ஜோடி, உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்தது. கேட்டில் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். பர்ச்சேஸ் தம்பி வந்தார். தே. என்ன ரேட் போட்டார், என்னுடையதைப் பார்த்துத்தானே போட்டார் என்று நேராகவே கேட்டேன்.

"சார், ரேட்ல நீங்கதான் கம்மி."

புரியவில்லை. திரும்பக் கேட்டேன். அவர் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். சப்ளை செய்கிறவர்களுக்கு வருடா வருடம் மார்க் போடுகிறார்களாம். சரக்கு: நன்று. நேரம்: நன்று. நடத்தை: மோசம். மூன்று வருடமாக மோசம். போட்டது ஸ்டோர்ஸ் மேடம்.

"மேடம் ஒரு பண்டல் ரிட்டர்ன் பண்ணப்ப இன்னா சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதா சார்? ஸ்டோர்ஸே நின்னு கேட்டுச்சாம்."

இருக்கிறது. "உன்ன மாதிரி எத்தன பேர பாத்திருப்பேன், ஒழுங்கா கையெழுத்துப் போடும்மா." அது ஒரு தடவை. மற்றதும் அந்த ரகம்தான். ஒரு தடவை பண்டலை மேஜை மேல் எறிந்தேன். கையுறை பண்டல், யாருக்கு அடிபடும் என்று நினைத்தேன்.

"அப்ப தேவராஜ் எதையும்..."

"அவரு வந்தா ஓரமா நிப்பாரு சார். கூப்ட்டா வருவாரு. அவ்ளோதான்."

வெளியே வந்து ஸ்டிக்கரை உரிக்காமல் காரில் உட்கார்ந்திருந்தேன். முதலில் அந்த மேடம் மேல் கோபம். பிறகு பர்ச்சேஸ் தம்பி மேல், ஏன் இதைச் சொன்னான் என்று. பிறகு தே. மேல், அந்த ஆள் ஏன் திருடாமல் இருந்தார் என்று. இந்தக் கடைசிக் கோபத்தை நானே நம்பவில்லை, ஆனால் அதுதான் பெரிதாக இருந்தது.

நவம்பர் 12, புதன்
வெயில். தார்ப்பாய் வந்தது. சின்னது. திருப்பி அனுப்பினேன், கத்தாமல். கத்தாமல் இருந்ததைக் கவனித்துக்கொண்டே இருந்தேன், அதுவும் ஒரு பெருமை.

மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தை 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டார்களாம். பெண் வீட்டுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

காலையில் முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவை. அதற்குப் பதில் எழுதி வைக்கிறேன்.

வாய். எனக்குக் கீழே இருக்கிறவர்களிடம் ஒரு வாய், மேலே இருக்கிறவர்களிடம் வேறு வாய்.

பழைய டிரைவர் நன்றாக இருந்தால் வயிறு எரிகிறது. என்னிடமே இருந்து நன்றாக இருந்திருந்தால் சபையில் சாட்சியாகச் சொல்லியிருப்பேன்.

தாழ்மையைப் பற்றி சபை ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இரண்டு தடவை பேசியிருக்கிறேன். நன்றாக இருந்தது என்றார்கள். வீடு வரை அதையே நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன்.

கையில் ஒரு பையோடு பஸ் ஏறி இந்தப் பக்கம் வந்தவன் நான். இந்த குடோன், கார், வீடு, எல்லாம் கர்த்தர் தந்தது என்று எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன். ஒரு கம்பெனி கைவிட்டுப் போனதும் தே. எடுத்துக்கொண்டார் என்கிறேன். வந்ததெல்லாம் கர்த்தர் கையால், போனது மட்டும் தேவராஜ் கையால். இதுதான் என் விசுவாசம். சந்தைக்காரன் கணக்குக்குக்கூட இது உதவாது.

ஆண்டவரே, உம்மேலும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த மைக்கில் கரண்ட் போயிருக்கக் கூடாதா? தினமும் போகிற கரண்ட்.

நவம்பர் 13, வியாழன்
மேகமூட்டம். பல் டாக்டர். பிடுங்கச் சொல்கிறார். யோசிக்கிறேன் என்றேன்.

பாஸ்டர் நேரில் வந்தார், குடோனுக்கே. நடந்ததைச் சொன்னேன், பர்ச்சேஸ் தம்பி காட்டியது உட்பட. என் யோசனைகளையும் சொன்னேன். முதலாவது, பாஸ்டரே போய் தே.யிடம் என் வருத்தத்தைத் தெரிவிப்பது. அது ஆகாது என்றால், தே.யை பாஸ்டர் வீட்டுக்கு வரவழைத்து மூன்று பேர் மட்டும் பேசி முடிப்பது. அதுவும் ஆகாது என்றால் குழுவில் 'தவறுதலாகப் புரிந்துகொள்ளப்பட்டது' என்று ஒரு வரி.

கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அண்ணாச்சி, சரக்கு வாங்குற மாதிரி பேசுறீங்க. எவ்ளோ கம்மிக்கு முடியும்னு பாக்குறீங்க."

டீ டம்ளரைக் கீழே வைத்தார். பயந்துகொண்டேதான் அடுத்ததையும் சொன்னார்: "அவர்கிட்ட நீங்க போகாம ஞாயித்துக்கிழமை திருவிருந்து அப்பத்துக்கு கை நீட்டாதீங்க. நா குடுக்க மாட்டேன்."

ஷீட்டை ஞாபகப்படுத்த வாய் வரைக்கும் வந்தது. வாயை மூடினேன். மனுஷன் போன பிறகு நினைத்தேன்: இந்த ஆளுக்கு முதுகெலும்பு இருக்கிறது. மூன்று வருடமாக இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதிலும் என் கணிப்பு தப்பு.

நவம்பர் 14, வெள்ளி
மழை. போகவில்லை. காரணம்: மழை.

கிரேஸ்: "மழையில தானே அவங்க அன்னைக்கு நடந்து போனாங்க."

நவம்பர் 15, சனி
காலை பத்தரை. மழை விட்டிருந்தது, சேறு.

தே. வீடு வல்லம் தாண்டி உள்ளே. கார் போகாது. ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்தேன். பக்கத்தில் கம்பெனி மதில், மதிலை ஒட்டி நாலு வீடு. இந்த மதிலுக்கு உள்ளே போனதில் அவர் அப்பாவின் நிலமும் உண்டு. முன் அறை முழுக்கக் கையுறை மூட்டை. என்னுடைய குடோன் வாசனை.

"இன்னா அண்ணாச்சி, இந்த சேத்துல?" நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க. ஜெபம் கிபம் பண்ணிடாதீங்க. முன்னாடியே சொல்லிக்கிறேன்."

தப்பு செய்துவிட்டேன் என்றேன். எது தப்பு என்றார். சாத்தான் என் கண்ணை மறைத்துவிட்டான் என்று ஆரம்பித்தேன்.

"சாத்தான் இன்னா, வல்லம் வடகால்ல கையுறை விக்கிறானா? அவன இதுல இட்டாராதீங்க. நீங்க பேசுங்க."

சொன்னேன். கம்பெனியில் பார்த்தது, மூன்று வருட மார்க், மேடம், எறிந்த பண்டல். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"அத்த நா அப்பவே சொன்னேனே. வண்டில வர சொல்லோ. மேடத்தாண்ட அப்டி பேசாதீங்கன்னு. நீங்க இன்னா சொன்னீங்க? ரோட்ட பாத்து ஓட்றான்னீங்க."

இது எனக்கு ஞாபகமே இல்லை.

"ஆறு வர்சம் உங்க வண்டிய ஓட்டிகினு இருந்தேன். ஒரு லிட்டர் டீசல்ல கை வெச்சிருப்பேனா?"

"இல்ல."

"அத்த அன்னிக்கு மைக்ல சொல்லியிருக்கலாமே."

ஸ்டெல்லா ஷிப்ட் முடிந்து வந்து தூங்கி எழுந்த முகத்தோடு உள் வாசலில் நின்றாள். "அங்கிள், எங்க கம்பெனி லைன்ல கூட கேக்குறாங்க. உங்கப்பாவுக்கு இன்னா ஆவின்னு. சிரிக்கிறாங்க." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபம்.

தே.யின் மனைவி டீ கொண்டுவரவில்லை. சரிதான்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். தே. மகளைப் பார்த்தார், யோசித்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். பேரத்தை என்னிடம் ஆறு வருடம் பக்கத்திலிருந்து படித்தவர். ஓரிடத்திலும் இறங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு பஸ்ஸுக்குப் பதில் என் காரில் இரண்டு பேரும் போகலாமே என்று பார்த்தேன். "உங்க கார்ல வந்து எறங்குனா, நீங்க காசு குடுத்து இட்டாந்தா மாதிரி இருக்கும்" என்றார். அதுவும் நியாயம்.

முடிவானது:

நாளை ஆராதனையில் அதே விண்ணப்ப நேரம், அதே மைக். பெயரைச் சொல்லி: தேவராஜ் என்னிடம் எதையும் எடுக்கவில்லை, ஆர்டர் போனது என் வாயால். வசனம் கூடாது, சாத்தான் கூடாது, அழக் கூடாது.

குழுவில் அதை நான் தட்டிப் போட வேண்டும், செயலாளர் அல்ல. ஜெபக்குறிப்பாக அல்ல.

திங்கள் காலை சுங்குவார்சத்திரம், மாப்பிள்ளை வீடு. பஸ்ஸில். தேவராஜ் உட்கார்ந்திருப்பார், நான் நின்று சொல்ல வேண்டும். அவர்கள் என்ன கேட்டாலும் பதில். நிச்சயம் நடந்தால் எனக்கு அழைப்பு இல்லை. கிரேஸுக்கு உண்டு.

இனி நான் அவருக்காக ஜெபிக்கக் கூடாது, சபையிலும், என் வீட்டிலும்.

இதெல்லாம் செய்தால் மன்னிப்பீர்களா என்று கேட்டேன். "அது இந்தப் பேச்சுல கெடையாது அண்ணாச்சி" என்றார்.

ஒத்துக்கொண்டேன்.