நொச்சிக்காட்டுக் குளத்தில் பூட்டிக் கிடக்கும் பாய்மரப் படகை விடுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
த. இந்துமதி (வயது 22),
த/பெ. தரணீதரன்,
பிள்ளையார் கோயில் வீதி,
நல்லூர், திருப்பூர்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: பெருமாநல்லூர் அருகே நொச்சிக்காட்டுக் குளக்கரையில் பூட்டி வைக்கப்பட்டுள்ள என் படகை, ஆகஸ்ட் 3 அன்று சென்னையில் நடக்கும் தேர்வுக்கு முன் விடுவிக்க வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

திருப்பூரில் ஏது படகு என்று தாங்கள் பொருளை இரண்டாம் முறை படித்திருக்கக் கூடும். அதில் தவறில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் பனியன் பெட்டிகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில், பழையதாக வாங்கிய இந்தப் படகு எங்கள் வீதிக்கு வந்து இறங்கியபோது, புதுமாதிரிச் சாய மெஷின் என்று நினைத்துப் பக்கத்துப் பனியன் யூனிட்காரர்கள் விலை விசாரித்தார்கள்.

கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்தேன். வெள்ளைச் சீருடை அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கடற்கரை முகாமில் முதல்நாள் முழுவதும் வாந்தி எடுத்தேன். மறுநாள் பாய்மரப் படகில் கரை கண்ணுக்கு மறைந்தபோது பயமாக இருந்தது, பயத்தை விடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். பிறகு ஒரு பெரிய படகில் குழுவோடு ஒரு போட்டிக்குப் போய் வந்தேன். இப்போது சென்னைப் படகு மன்றம் ஒன்று, ஆழ்கடலுக்குத் தனியாளாகச் சென்று திரும்பும் போட்டிக்கு இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்வுக்கு அவரவர் பயிற்சிப் படகை அவரவரே கொண்டுவர வேண்டும். என் படகோ குளக்கரை வேப்பமரத்தில் சங்கிலியால் கட்டிக் கிடக்கிறது.

அது பூட்டுப்பட்ட கதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படகோடு வந்த பழைய பாய் கிழிந்திருந்தது. புதிய பாய் வாங்குவானேன், ஊரே தையல்காரர்கள் என்று நினைத்தோம். அப்பா நடத்தும் எங்கள் பனியன் யூனிட்டின் மூத்த டெய்லர் வெள்ளையம்மாள் அக்கா விருதுநகர்ப் பக்கத்துக்காரர். அவர், “கப்பலுக்கே சட்டை தைக்கலாம் பாப்பா, இது என்ன பெரிய விஷயம்” என்றார். அவர் தைத்தார், அப்பா வெட்டினார், நான் செக்கிங் பார்த்தேன். ஓவர்லாக் தையல் ஒரு நூல் பிசகவில்லை. ஆனால் நாங்கள் எடுத்தது பனியன் துணி. எங்களுக்குத் துணி என்றாலே பனியன் துணிதான். அது இழுத்தால் இழுபடும் என்பது இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அத்தனை பேரில் ஒருவருக்கும் அன்று அது தோன்றவில்லை.

குளத்தில் படகை இறக்கிய அன்று ஆனி மாதக் காற்று அதைத் தோன்ற வைத்தது. பாய் கல்யாண விருந்து சாப்பிட்டவர் வயிறு போல உப்பியது. படகு நான் திருப்பிய பக்கம் திரும்பாமல், பக்கவாட்டிலேயே நகர்ந்து போய், குளத்தை மீன்பிடி குத்தகைக்கு எடுத்துள்ள திரு. தங்கராஜ் அவர்களின் வலைக்குள் புகுந்தது. வலை கிழிந்தது, கட்லா மீன்கள் தப்பித்துப் போயின. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் புகாரின் பேரில் குளப் பராமரிப்பு அலுவலகத்தார் படகைப் பூட்டியதிலும் நியாயம் இருந்தது. அதுவரை எனக்குக் குறை எதுவும் இல்லை.

பின்னர் நானே உட்கார்ந்து, முகாமில் கற்ற முடிச்சுகளைப் போட்டு வலையைச் சரிசெய்து கொடுத்தேன். திரு. தங்கராஜ் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, “முடிச்சு நல்லாத்தான் போடறே கண்ணு. நீ எதுக்குத் தையலுக்குப் போனே?” என்றார். புகாரைத் திரும்பப் பெற்று அவர் எழுதிய கடிதத்தையும், தேர்வு அழைப்பையும் இத்துடன் இணைத்துள்ளேன். இப்போது கூடாரம் தைக்கும் நெய்த துணியில் வேறு பாய் தயார். அது இழுபடாது, நாங்கள் ஆறு பேர் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டோம்.

இருந்தும் பூட்டு திறக்கவில்லை. ஆர்.சி. புத்தகமும் என்ஜின் எண்ணும் இல்லாமல் வண்டியை விட முடியாது என்கிறார்கள் அந்த அலுவலகத்தார். இது வண்டி அல்ல, இதில் என்ஜினும் இல்லை என்று பணிவுடன் சொன்னேன். என்ஜின் இல்லையென்றால் எப்படி ஓடியது என்று கேட்டார்கள். காற்றில் ஓடியது என்றேன். அப்படியானால் காற்று என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். ‘பொருத்தமான பதில் அல்ல’ என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, வீட்டுக்கு வந்ததும் அழுகையும் வந்தது. இந்தத் தேர்வு தவறினால், அடுத்த தேர்வுக்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். எனக்கு மறு வாய்ப்பு கிடையாது.

அப்பாவுக்குப் பெரிய மனிதர்கள் பலரைத் தெரியும். ஒரு போன் போடுங்கள் என்று கேட்டேன். “கடல்ல தனியாப் போகோணும்ங்கறே, குளத்துப் பூட்டுக்கு எதுக்குங்க சாமி நானு?” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. யூனிட்டில் எல்லோரும் மனுவில் கையெழுத்துப் போட வரிசையில் நின்றார்கள், கடைசியில் அப்பாவும் பேனாவோடு வந்து நின்றார். நான்தான் யாரையும் போட விடவில்லை. அதனால்தான் இதில் ஒரே கையொப்பம் இருக்கிறது. ஆதரவு இல்லாத மனு என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது.

எனவே ஐயா அவர்கள், படகுக்கு என்ஜின் எண் தேவையில்லை என்று ஒரு வரி எழுதி, இம்மாத இறுதிக்குள் அதை விடுவிக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். படகுடன் கைப்பற்றிய பனியன் துணிப் பாயை நான் திரும்பக் கேட்கவில்லை. குளக் காவலர் திரு. தவசி அதை மடித்து விரித்துப் படுக்கிறார். “நல்லா மெத்துனு இருக்குதுங்க அம்மணி” என்றார். அது அவரிடமே இருக்கட்டும்.

தனியாள் போட்டியில் புறப்பட்ட பின் கரையிலிருந்து எந்த உதவியும் பெறக் கூடாது என்பது விதி. நான் இன்னும் புறப்படவில்லை, அதனால் கேட்கிறேன். இந்தப் பூட்டை மட்டும் திறந்துவிடுங்கள் ஐயா. அதன் பிறகு யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன்.

இடம்: நல்லூர்
நாள்: 21.07.2025

பணிவுடன்,
த. இந்துமதி