தம்பி வாங்கிப்போன கையெழுத்து

தம்பிக்கு,

இங்கன நல்ல மழை. கரிசலில் கால் வைக்க முடியவில்லை, உளுந்து முளைத்துவிட்டது. அத்தானுக்கு வலது மணிக்கட்டு இன்னும் மடங்கவில்லை. தொரட்டிக் கம்பு பிடிக்க முடியாததால் ஆடுகளுக்குக் கருவேல நெத்து நான்தான் உலுக்கிப் போடுகிறேன்.

மனித உரிமை ஆணையத்துக்கு மனு எழுதியபோது, போலீஸ் ஸ்டேஷனில் அத்தானை அடித்தது யார் என்று விசாரிக்க வெளியாள் ஒருவர் வருவார் என்று நம்பினேன். மனு எங்கெங்கோ சுற்றி அதே ஸ்டேஷனுக்கே வந்தது. ஸ்டேஷன் உன்னை அனுப்பியது.

காக்கியோடு வாசலிலேயே நின்றாய். "எக்கா, கீழ விழுந்து கை முறிஞ்சதுன்னு எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து போட்டுரு. இல்லன்னா எனக்கு வேலை போயிரும்" என்றாய். நான் அத்தானைப் பார்த்தேன். "மாப்பிள்ளையே கேக்காவ, போட்டுரு" என்றார். போட்டேன். நீ ஒரு வாய் சாப்பிடாமல் போனாய்.

நேற்று ஆணையத்துக்கு மறுபடியும் எழுதினேன். அந்தக் கையெழுத்து பொய், வாங்கியவன் என் உடன்பிறந்தவன் என்று எழுதினேன். உன் பெயரையும் எழுதினேன். எழுதியதைக் கோடு போட்டு அடிக்கவில்லை. இனி விசாரிக்க வருகிறவர் அந்த ஸ்டேஷனுக்கும் எனக்கும் ஒட்டுறவு இல்லாதவராக இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.

தை பிறந்ததும் சின்னவளுக்குக் காது குத்துகிறோம். மடியில் வைத்துக்கொள்ள மாமன் நீதான், வேறு யாரையும் கேட்கவில்லை. காக்கியைக் கழற்றிவிட்டு வா. அன்றைக்கு நீ ஸ்டேஷனில் இருந்தாயா என்று நான் கேட்க மாட்டேன். அதைக் கேட்கத்தான் வேறொருவரை வரச் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா