தோட்டத்துக்காரருக்கு ஒரு டேலியா

அரியலூர்,
26-1-1949

சௌபாக்கியவதி ஜானகிக்கு ஆசீர்வாதம். இங்கு யாவரும் சுகம் என்று எழுதுவது வழக்கம். இம்முறை அதை எழுத மனம் வரவில்லை. என் குறைகளைத் தேதிவாரியாகப் பதிவு செய்கிறேன்.

1. 10-1-1949: பொங்கலுக்கு முன் திரும்புவதாகச் சொல்லித்தான் தம்பி மனைவியின் பிரசவத்துக்கு வேப்பந்தட்டை போனாய். நீ வரவில்லை.

2. 13-1-1949: போகியன்று உன் கையெழுத்தில் ஒரு உறை இவ்வூருக்கு வந்தது. எனக்கன்று, என் நண்பன் வக்கீல் குருநாதனுக்கு. உள்ளே நீயே வர்ணம் தீட்டிய வாழ்த்து அட்டை. படத்தில் இருந்தது என் டேலியா.

3. 17-1-1949: அந்த அட்டையை அவன் கூட்டுறவு சங்க ஆபீசில் எல்லோருக்கும் காட்டினான். "என்ன பஞ்சநாதா, உன் தோட்டத்துப் பூ என் வூட்டுல பூத்திருக்கு, பாத்தியா? ஒனக்கு என்ன வந்துச்சு?" என்றான். சங்கக் காரியதரிசி ராசாங்கம் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு வந்தது மணிலாக் கொட்டை மண்டிக்காரனின் கார்டு மட்டுமே என்பதை நான் சொல்லவில்லை.

4. அதே தேதி: இடப்பக்கத்து இதழில் புழு கடித்த ஓட்டையையும் விடாமல் வரைந்திருக்கிறாய். முந்தின ஆண்டு மார்கழியில் பூத்த அந்த மலரின் குறையை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

இந்தச் சுண்ணாம்பு மண்ணில் டேலியா வராது என்று ஊரே சொன்னது. ஏற்காட்டுக் கிழங்கும் வண்டி வண்டியாகச் செம்மண்ணும் வரவழைத்து, வேலியிட்டு வளர்த்தேன். வேலிக்குள் நீயும் வந்ததில்லை. அடுக்களைச் சன்னலிலிருந்துதான் பார்த்திருக்க வேண்டும். மேலும், பூ, மொட்டு, இலை, கிழங்கு என்று தனித்தனியே வரைந்திருக்கும் முறை என் தாவரவியல் புத்தகத்தினுடையது. அதை நீ திறந்து பார்த்ததையே நான் அறியேன். இவ்வளவு கவனத்தையும் இன்னொருவனுக்குத் தபாலில் அனுப்ப எப்படித் துணிந்தாய்?

27-1-1949

நேற்று இதுவரை எழுதி வைத்தேன். இன்று காலை குருநாதன் அட்டையும் உறையுமாக வந்தான். பின்னால் அவன் மனைவி கமலவேணி, அவனைத் தப்பவிடாமல் நின்றாள். "பின்பக்கம் எழுதியிருந்ததை மொத நாளே படிச்சுட்டேன்டா. நீ கொஞ்ச நாள் புழுங்கறதைப் பாக்கலாம்னு வச்சிருந்தேன். இவ இருக்க வுடமாட்டேங்கறா" என்றான். "நல்லா இருக்குங்க உங்க வெளையாட்டு, அவர் மொகத்தைப் பாருங்க" என்றாள் அவள்.

அட்டையின் பின்புறம் உன் எழுத்தில் இருந்தது: "அண்ணா, தம்பி திருச்சிக்குப் போயிருக்கிறான். உறையில் விலாசம் எழுத வேறு ஆள் இல்லை. இந்தப் படத்தைத் தோட்டத்துக்காரரிடம் சேர்த்துவிடுங்கள்."

புருஷன் பெயரை மனைவி சொல்வதுமில்லை, எழுதுவதுமில்லை என்ற வழக்கம் எனக்குத் தெரியாததன்று. ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோதுகூட, வேலையாள் வீரமுத்துவைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தாய். அன்று அதை மரியாதை என்று எண்ணிப் பெருமைப்பட்டேன்.

இரண்டாவது குறையை அடித்துவிடு என்கிறான் குருநாதன். அடிக்க மாட்டேன், திருத்துகிறேன். அட்டை எனக்குத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறை அவனுடையது. அதில் அவன் பெயரை எவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறாய்! மணமாகி இத்தனை ஆண்டுகளில் என் பெயர் உன் கையெழுத்தில் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. அவன் பெயரைவிட அதில் ஓர் எழுத்துதான் அதிகம்.

உறையை அவன் திருப்பிக் கேட்டான். கொடுக்கவில்லை. அட்டை என் மேசை மேல் இருக்கிறது. இவ்வாண்டு முதல் மொட்டு நேற்று நிறம் காட்டியது. இதழில் புழு இல்லை. வேலியின் படலைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி மனைவிக்கும் குழந்தைக்கும் என் ஆசி. உனக்கு ஒரே நிபந்தனை. மாசி முதல் தேதிக்குள் எழுத்து மூலமான பதில் எனக்குக் கிடைக்க வேண்டும். உறையின் மேல் விலாசத்தை உன் தம்பி சிங்காரவேலு எழுதக் கூடாது. உள்ளே ஒன்றும் எழுதாவிட்டாலும் குற்றமில்லை. பார்த்து எழுத வசதியாக என் பெயரைக் கீழே தெளிவாக எழுதியிருக்கிறேன். கை வராவிட்டால், அந்தத் தேதிக்குள் நீயே வந்து, பதிலை என் எதிரில் உட்கார்ந்து எழுது.

இப்படிக்கு,
பஞ்சநாதன்