மாமி, உங்கள் அன்புக்கு முத்திரை குத்தியாயிற்று

மாமி, இன்று உங்கள் மரண அறிவித்தலை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கொடுத்து வாங்கிவந்தேன். முத்திரை மையின் வாடை கைப்பை முழுக்க இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

உங்கள் மகனிடம் லண்டன் போக விசாவுக்காக மறுபடியும் அலைகிறேன். பிறப்புப் பத்திரம், விவாகப் பதிவு, பொலிஸ் அறிக்கை என்று எல்லாம் சேர்ந்துவிட்டன. போன முறையும் இவை இருந்தன. இது மெய்யான திருமணம்தான் என்று நம்ப மாப்பிள்ளை வீட்டாரோடு ஒரு படமும் இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

படம் எப்படி இருக்கும்? கொட்டாஞ்சேனை வேதக்காரப் பெண்ணைக் கோயிலிலும் கட்டக் கூடாது, தேவாலயத்திலும் கட்டக் கூடாது என்றீர்கள். பதிவுக்கும் வரவில்லை. உங்கள் மகன் லண்டன் திரும்பிய பிறகு வெள்ளவத்தை வீட்டில் உங்களுக்கு இன்சுலின் போட்டதும் கால் பிடித்துவிட்டதும் நான்தான். ஆனால் சொந்தக்காரர் வந்து யாராவது கமராவை எடுத்தால் போதும், உங்களுக்குத் தேத்தண்ணி ஞாபகம் வந்துவிடும்.

"பிள்ளை, ஆக்களுக்குத் தேத்தண்ணி போடும். நாங்கள் குடும்பப் படம் ஒண்டு எடுத்திட்டு வாறம்."

ஸ்டெல்லா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. குசினியில் கேத்தில் கொதிக்கும், முன்னறையில் எல்லோரும் சிரிப்பீர்கள். விசா மறுத்த கடிதம் வந்த அன்று, எனக்குக் கேட்கும்படியாகவே மகனுக்குத் தொலைபேசியில் சொன்னீர்கள்: "பாத்தியே தம்பி, எனக்கு விளங்கினது வெள்ளைக்காரனுக்கும் விளங்கியிருக்கு." அன்று இரவும் உங்களுக்குப் புட்டு அவித்துத் தந்தேன். அவித்தபடியே கறுவிக்கொண்டிருந்தேன்.

பிறகு நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். உங்கள் மகன் பறந்து வந்து ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தார். பத்திரிகைக்கு அறிவித்தல் சொல்ல யாரும் இல்லை. நான் சொன்னேன். 'காலஞ்சென்றவரின் அன்பு மனைவியும்' என்று தொடங்கி, மகனின் பெயருக்கு அடுத்ததாக, 'ஸ்டெல்லாவின் அன்பு மாமியாரும் ஆவார்' என்று சொல்லி முடித்தேன். எழுதிக்கொண்டவரிடம் திருப்பி வாசிக்கச் சொல்லியும் கேட்டேன். மறுநாள் உங்கள் தங்கச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "செத்த வீட்டிலயும் பேர் போடுற அவசரத்தைப் பார்" என்றார். ஓம், அவசரம்தான்.

உங்களைக் கிடத்தியிருந்த பொரளை மலர்ச்சாலையில் படம் எடுப்பவர் குடும்பத்தைப் பெட்டியைச் சுற்றி நிற்கச் சொன்னார். நான் உங்கள் தலைமாட்டில் போய் நின்றேன். அந்தப் படத்தில்தான் நீங்களும் நானும் ஒன்றாக இருக்கிறோம். தேத்தண்ணி போட என்னை அனுப்ப உங்களால் முடியவில்லை.

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் இன்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, மரண அறிவித்தல் எல்லாம் அவங்கள் கேக்க மாட்டாங்கள்."

"பரவாயில்லை ஐயா, செய்யுங்கோ."

"அன்பு மாமியார் எண்டு கிடக்கு. மாமியார் எண்டு மட்டும் போட்டாலும் காணும்."

"அன்பு கட்டாயம் வேணும் ஐயா."

போட்டார். கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார். நீங்கள் என்னில் அன்பு வைத்திருந்தீர்கள் என்று ஒரு மனிதர் சத்தியம் செய்து தந்திருக்கிறார். இல்லை என்று சொல்ல உங்களுக்கு இனி வாயில்லை. படத்தையும் அந்தத் தாளையும் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன். உங்கள் மகனின் எந்த வீட்டுக்குள் நான் நுழையக் கூடாது என்று நின்றீர்களோ, அந்த லண்டன் வீட்டுக் கதவை எனக்கு நீங்களே திறந்துவிட வேண்டும்.

அவர்கள் இன்னும் படங்கள் கேட்பார்கள் என்று, போன ஞாயிறு என் அம்மா வீட்டில் என் தம்பி எல்லோரையும் வரிசையாக நிறுத்தினான். கமராவை உயர்த்திய கையோடு, "அக்கா எங்க?" என்று கேட்டான். நான் குசினியில் நின்றேன், கையில் கேத்திலோடு. யாரும் என்னிடம் தேத்தண்ணி கேட்டிருக்கவில்லை.

லண்டனுக்கும் இந்தப் பழக்கத்தைக் கொண்டுதான் போகப்போகிறேன். இதற்காகத்தான் உங்களை இன்னும் மன்னிக்கவில்லை, மாமி.