நிறுத்தச் சொன்னது யார்

11.2.2007, ஞாயிறு
இன்றிலிருந்து இலக்கியாவுக்கு மாத்திரை கிடையாது. ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் அவள் தலையில் கைவைத்து, கர்த்தர் தன்னோடு பேசினார், பிள்ளைக்கு இனி மருந்து வேண்டாம் என்றார். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு. மாத்திரையில்தான் அடங்கியிருக்கிறது. மனம் பதறியது. ஆனால் ஆபிரகாம் மகனையே பலிபீடத்தில் கிடத்தவில்லையா? கர்த்தர் சொன்னால் அதுதான் சரி. அவள் அம்மா சௌந்தரமும் தலையாட்டினாள்.

25.2.2007
வலிப்பு வரவில்லை. ஸ்தோத்திரம்.

9.3.2007
பள்ளி விட்டு வந்ததும் பிள்ளை தூங்கி விழுகிறாள். மாத்திரை சாப்பிட்ட காலத்திலும் இப்படித்தான். இப்போது ஏன்?

12.3.2007
குப்பைக்கூடையில் வெங்காயத்தோலுக்கு அடியில் அதே மாத்திரையின் காலி அட்டை.

ஜெயப்பிரகாஷ் வேலைதான். சௌந்தரத்தின் தம்பி, சிதம்பரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். சர்ச்சுக்கு வருவதை விட்டு வருடக்கணக்காகிறது. நேற்று வந்தான், நான் செம்மங்குப்பம் கம்பெனியில் ஷிப்டில் இருந்தேன். கடவுள் பயமே இல்லாதவனுக்கு எது தப்பு? பொய் சொல்ல அவனுக்கு என்ன தடை?

17.3.2007
சிதம்பரம் போய் நேராகவே கேட்டேன். என் பிள்ளைக்குத் திருட்டுத்தனமாக மருந்து கொடுக்கிறாயா என்று. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"மாத்திரைய நிறுத்திட்டீங்களா மாமா?"

பிறகு மெதுவாக, "அக்கா எப்பவும் போல வாங்கிட்டுத்தானே போவுது" என்றான்.

அக்கா. விடியுமுன் எழுந்து முழங்காலில் நின்று ஜெபிக்கிற என் சௌந்தரம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். மறைக்கவில்லை.

"நாந்தான் குடுக்கறேன். அப்பாகிட்ட சொல்லாதன்னு பாப்பாகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

கட்டளையை மீற உனக்குப் பயமில்லையா என்றேன். பயம்தான் என்றாள்.

"ஆபிரகாம் கெளம்புறப்ப சாராள ஒரு வார்த்த கேட்டாரா? என்னையும் நீங்க கேக்கல. கர்த்தரே நேர்ல வந்து சொன்னாலும் நான் குடுப்பேன்."

18.3.2007
அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபமா, வெட்கமா? தெரியல.

21.3.2007
கர்த்தர் சொல்வதால்தான் ஒன்று நல்லதாகிறதா? நல்லது என்பதால் அவர் சொல்கிறாரா? சொன்னதெல்லாம் நல்லது என்றால், சொன்னது அவர்தானா, பாஸ்டரா என்று நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அன்றைக்கு என் மனசு பதறிச்சே — அதை அவிசுவாசம்னு நானே அமுக்கிட்டேன். ஒருவேளை அவர் பேசினது அதுலதானா? அதையும் நம்ப பயமாக இருக்கிறது. எனக்குச் சாதகமாக நானே கேட்டுக்கொள்கிற குரலாகவும் இருக்கலாமே.

8.4.2007, ஈஸ்டர்
பாஸ்டர் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். வலிப்பு நின்ற அற்புதத்தைச் சபைக்குச் சொல்ல வேண்டுமாம். மைக்கில் சொன்னேன்: "எம் பொண்ணு மாத்திரைய நிறுத்தவே இல்ல. அவ அம்மா நிறுத்த விடல." என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்கள். பாட்டு தொடங்கிவிட்டது.



16.6.2007
சௌந்தரத்தின் சித்தி தவறிவிட்டார். அவள் சிதம்பரம் போயிருக்கிறாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதன்முறையாக இலக்கியாவை என் பொறுப்பில் விட்டிருக்கிறாள். காலையிலும் சாயங்காலமும் மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

இருட்டியதும் போன் வந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, "பாப்பாகிட்ட குடுங்க" என்றாள்.

இலக்கியா போனோடு ஜன்னல் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போட்டாச்சும்மா."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"நெசமாத்தாம்மா. அப்பாதான் குடுத்தாரு."