இறைச்சியில்லாத கஞ்சி

ரமழான் பிறை 16, வெள்ளி

இன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது சுமையா. எங்கள் அமைப்பின் தொண்டர்களில் அவள்தான் அதிகம் பேசாதவள்.

கடற்கரையைத் துப்புரவு செய்ய வங்காலைத் தேவாலய இளைஞர்கள் முதன்முறையாகச் சிலாவத்துறைக்கு வந்து எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டார்கள். வேலை முடிந்து நோன்பு துறக்கும்போது எல்லோருக்கும் ஆட்டிறைச்சிக் கஞ்சி. ஏற்பாடு என்னுடையது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சுமையா கிட்ட வந்தாள்.

"நானா," என்றாள், அண்ணனைக் கூப்பிடுவதுபோல். "அவங்களுக்கு இது தவக்காலம். வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடமாட்டாங்க."

இரண்டு அமைப்புகளையும் சேர்த்துவைக்க ஆறு மாதம் அலைந்தவன் நான். இதை யோசிக்கவே இல்லை.

"இப்ப என்ன செய்யிறது, பிள்ளை?"

"மற்ற அடுப்பில மரக்கறிக் கஞ்சி ஏத்திட்டம். உங்களுக்குச் சொல்லத்தான் வந்தனான்."

வங்காலைப் பிள்ளைகள் களைத்திருந்தும், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை கோப்பையைத் தொடவில்லை. பாங்கு சொன்னதும் எங்கள் பிள்ளைகளும் மரக்கறிக் கஞ்சிக்கே போனார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் நிச்சயமாகச் சொல்லவில்லை.

அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தும் அரைச் சட்டி இறைச்சிக் கஞ்சி என்னோடு வீட்டுக்கு வந்திருக்கிறது. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கும் அதுதான். மனைவி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.